பதினொன்றாம் பக்கத்துப் பனிமலை

காலை ஆறு மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பனிமலை.

மலையுச்சியில் வெயில் விழுந்திருந்தது. அடிவாரம் முழுக்க மஞ்சள் பூக்கள். பூக்களுக்கு நடுவே கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டில் ஓர் ஆண். அரக்குப் பட்டில் ஒரு பெண். புடவைத் தலைப்பு காற்றில் பறந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் மேலே, ஆல்பத்தை என் பக்கம் திருப்பி நெஞ்சோடு பிடித்திருந்த சுகந்தியின் முகம். அழுது முடித்த முகம்.

“அத்தை, இது எங்க இருக்குன்னு கேக்கறாங்க.”

“எது?”

“இந்த மலை.”

உள்ளே வரச் சொன்னேன். ஆல்பம் கனமானது; சின்னப் பெட்டி அளவு. சாப்பாட்டு மேசையில் வைத்தபோது தண்ணீர்ச் செம்பு ஒரு தரம் ஆடி நின்றது.

சுகந்தி எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுப் பெண். அம்மா மண்டபம் சாலையில் ஆறே வீடுகள் கொண்ட கட்டடம் எங்களுடையது. அவளுடைய அப்பா மாணிக்கம் காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் வியாபாரி. அம்மா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. சுகந்தி திருச்சியில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். கணவன் பிரபு உறையூர்ப் பையன். கனடாவில் படித்து, அங்கேயே தங்கும் உரிமை வாங்கி, ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். மனைவியை அழைத்துக்கொள்ள முறைப்படி மனுப் போட்டு அன்றைக்குப் பத்து மாதம் ஆகியிருந்தது.

பத்து மாத மௌனத்துக்குப் பிறகு வந்த முதல் கடிதத்தை அவள் போனில் காட்டினாள். நின்றபடியே இரண்டு முறை படித்தேன்.

மரியாதையான கடிதம்தான். இரண்டு கேள்விகள். இணைத்துள்ள படங்களில் பதினொன்று முதல் பதினான்கு வரை நீங்களும் கணவரும் ஐரோப்பாவில் இருப்பதாகத் தெரிகிறது. படிவத்திலோ இந்தியாவுக்கு வெளியே எங்கும் சென்றதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், விளக்கவும். இரண்டாவது, திருமணத்துக்காகக் கணவர் வந்த மூன்று வாரத்தில் கடைசிப் பத்து நாள் இருவரும் வெவ்வேறு முகவரிகளில் இருந்திருக்கிறீர்கள், ஏன்?

பதில் சொல்ல முப்பது நாள். பதில் திருப்தி தராவிட்டால் உண்மையை மறைத்ததாகக் கொள்ளப்படும். அப்படியானால் ஐந்து வருடம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

“அஞ்சு வருஷம்னா எனக்கு முப்பத்தாறு ஆயிடும், அத்தை,” என்றாள் சுகந்தி.

நான் விட்ட பிழை

இந்தத் தொடரில் இதுவரை நான் பிடித்த பிழைகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். இது நான் விட்ட பிழை.

முப்பத்தோரு வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவள். மற்றவர்கள் எழுதியதில் தவறு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்த நம்பிக்கையில்தான் மாணிக்கம் பத்து மாதத்துக்கு முன்பு மகளின் விண்ணப்பக் கோப்பை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். “அக்கா, ஒரு புள்ளி தப்புன்னாலும் திருப்பி அனுப்பிடுவானாம். நீங்க ஒரு கண்ணு பாத்துடுங்க.”

இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை நீலப் பென்சிலோடு. பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கையெழுத்து, எல்லாம் சரி. பனிமலையையும் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

ஏன் உறைக்கவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். எங்கள் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் பனிமலையும், இரும்புக் கோபுரமும், ஓடாத படகும் மணவறைக்கு அடுத்த பக்கத்திலேயே வந்துவிடும். அதை யாரும் நிஜமென்று நம்புவதில்லை. பொய்யென்று சொல்வதும் இல்லை. பக்கத்தின் ஓரத்தில் ஓடும் பூவேலை மாதிரி அதுவும் ஓர் அலங்காரம். கண் அதைப் படிக்காமலே தாண்டிப் போகிறது.

அதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள், கடலுக்கு அப்பால் ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்.

“சாப்டியா?”

அந்தக் கோப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணம் உண்மையானது என்று நிரூபிக்க எத்தனை காகிதம் வேண்டும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

பதிவுச் சான்று மட்டும் போதாது. பத்திரிகை வேண்டும், அதன் மொழிபெயர்ப்பு வேண்டும். இரு வீட்டுப் பெரியவர்களும் தாய்மாமன்களுமாக நாற்பத்து மூன்று பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கினேன். பத்து வருடத்தில் எங்கெங்கே இருந்தாய் என்று மாத வாரியாக எழுத வேண்டும். ஒரு மாதம் விட்டுப்போனாலும் கேள்வி வரும். போலீஸ் சான்று. கைரேகை வைக்கச் சென்னை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம், சுகந்திக்கு ஒரு நாள் லீவு. கடைசியில் மருத்துவமனையில் லீவு தீர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுகளை அவள் வாங்கிக்கொண்டாள்.

பிறகு உரையாடல்கள். தம்பதி தொடர்பில் இருப்பதற்குச் சான்றாக வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதைக் கொடுக்கலாம் என்றார்கள். மாதத்துக்கு ஒரு பக்கம் வீதம் எடுத்து மொழிபெயர்த்தேன்.

“சாப்டியா?” “சாப்டேன். நீ?” “இப்பதான். என்ன சாப்ட?” “உப்புமா.” “திரும்பவுமா?”

ஆறு மாதமும் இதுதான். “ஏம்மா, வேற ஒண்ணுமே பேச மாட்டீங்களா?” என்று கேட்டேன். “பேசுவோம், அத்தை. அதை எப்படி உங்ககிட்ட குடுக்கறது?” என்றாள்.

இருபது படம் கேட்டிருந்தார்கள். ஒரே நாளில் எடுத்ததாக இருக்கக் கூடாது, வெவ்வேறு இடங்களில் இருந்தால் நல்லது என்று குறிப்பு. மூன்று வார லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு போனவனுக்கு வெவ்வேறு இடம் எங்கே இருக்கிறது? சுகந்தி ஆல்பத்தை வரிசையாக ஸ்கேன் செய்து வைத்துவிட்டாள்.

குற்றாலம் போகாதவர்கள்

என் கல்யாணத்துக்கு மறுவாரம் பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டோம். பின்னால் திரைச்சீலையில் வரைந்த அருவி. கீழே தரையோடு சேரும் இடத்தில் சாயம் உதிர்ந்து, அருவி ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடும். அந்த இடத்தை மறைக்க ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். அதே கடையில் மரத்தில் செய்த கார் ஒன்றும் உண்டு. அதில் உட்கார்ந்து எடுத்த படம் திருச்சியில் பல வீடுகளில் மாட்டியிருந்தது. காரே இல்லாதவர்கள் அவர்கள் என்பது படத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

குற்றாலத்துக்கு எப்போது போனீர்கள் என்று என்னை யாரும் கேட்டதில்லை. நான் இன்றுவரை போனதில்லை.

கடிதம் வந்த அன்று மாலை மாணிக்கம் மார்க்கெட்டிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். சுகந்தியும் உடன் இருந்தாள். வாழைச்சாற்றுக் கறையோடு சட்டை. கடிதத்தைத் தமிழில் சொன்னேன்.

“போட்டோவுல போனதுக்கெல்லாமா விசா கேப்பாங்க?” என்றார்.

“போயிருந்தா மறைச்சது தப்பு. போகலைன்னா படம் தப்பு. ரெண்டுல எதைச் சொன்னாலும் நாமதான் மாட்டிக்கறோம்.”

சட்டைக் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். “எங்க மண்டிக்கு வர்ற ஒரு ஆளு, அவன் மச்சானை ஏஜென்ட் புடிச்சு எங்கயோ டூரிஸ்டுன்னு அனுப்பினான். ஏழே வாரம்க்கா. ஓட்டல்ல வேலைக்குச் சேந்துட்டான். ஒரு பேப்பர் கேக்கல அவன்கிட்ட.”

நீதிமன்றச் செய்தி பார்த்த காலத்தில் அப்படிப் போய்த் திரும்பி வந்த ஒருவனை நான் பார்த்திருக்கிறேன். துறையூர்ப் பக்கத்து ஆள். தன் பெயரில் யாரோ நிரப்பிய படிவத்தில் தனக்கு என்ன பிறந்த தேதி போட்டிருந்தார்கள் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. நீதிபதி கேட்டபோது வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். அதை மாணிக்கத்திடம் சொன்னேன்.

“அவன் பொய் சொல்லி மாட்டினான். என் பொண்ணு நிஜத்தைச் சொல்லில்ல மாட்டிக்கிட்டா,” என்றார்.

படம் எப்போது எடுத்தது என்று கேட்டேன். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கல்யாணத்துக்கு அப்பறம்,” என்றார் மாணிக்கம். “உறையூர் ஸ்டுடியோவுல. நான் அங்க வரலக்கா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடுங்க.”

அவர் வர மறுத்ததைக் குறித்துக்கொண்டேன். ஏனென்று கேட்கவில்லை.

உறையூரில்

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து வேறு பஸ் மாறினோம். ஸ்டுடியோ மாடியில் இருந்தது. உரிமையாளர் ஆரோக்கியராஜ், ஐம்பது வயது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். பின்னணியைப் பிறகு கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்ள வசதியாகச் சுவரோரம் பச்சைத் துணி தொங்கியது. அதன் ஓரத்தில் மூன்று இடத்தில் தையல். ஆணியில் அந்தக் கறுப்புக் கோட்டு.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது பயம். வந்தது வேறு.

“நிஜம்னே நம்பிட்டாங்களாக்கா?”

“நம்பினதாலதான் கேக்கறாங்க.”

“கனடாக்காரங்க? பனியிலேயே பொறந்து வளந்தவங்க?” நாற்காலியைத் திருப்பி உதவிக்கு இருந்த பெண்ணைப் பார்த்தார். “கேட்டியா மேரி? நிழல் சரியா விழலன்னு நீ சொன்னியே!”

“அண்ணே, எனக்கு அஞ்சு வருஷம் தடை போடுவாங்க,” என்றாள் சுகந்தி.

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். “உக்காரும்மா.”

பின்னணி இல்லாத மூலப்படம் வேண்டும், எடுத்த தேதியோடு. மலையைப் பிறகு சேர்த்தது தானே என்று அவர் கைப்பட ஒரு கடிதமும் வேண்டும். இரண்டாவதற்கு உடனே தலையாட்டிவிட்டு, பிறகு தயங்கினார்.

“போலின்னு எழுதணுமாக்கா? அது சுத்துச்சுன்னா நாளைக்கு எவன் எங்கிட்ட வருவான்?”

“போலின்னு எழுத வேண்டாம். அலங்காரத்துக்காகச் சேர்த்ததுன்னு எழுதுவோம். எல்லா ஆல்பத்துலயும் சேர்க்கறதுதானேன்னும் எழுதுவோம்.”

“அது சரி. ஆனா லைட்டிங் என்னோடதுன்னு ஒரு வரி போடுங்க.”

முதல் கேள்விக்கு மூலப்படம்தான் முக்கியம். இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதை அழித்துவிடுவது அவர் வழக்கம். கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் என்றாலும், நடுவில் ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருந்தது. மேரி ஒரு ஷூ டப்பாவிலிருந்து மூன்று டிஸ்க்குகளை எடுத்தாள். முதலாவதில் இல்லை. இரண்டாவது திறக்கவே இல்லை. கிர்ரென்று ஒரு சத்தம் மட்டும். சுகந்தி தன் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதில் ‘மாணிக்கம் வாழைக்காய்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பு இருந்தது. “பொண்ணோட அப்பா பேர்லதான் வைப்போம்,” என்றாள் மேரி.

திரை முழுக்கப் பச்சை. நடுவே அதே இருவர். இடுப்புக்கு மேலே பிரபு ஐரோப்பாவில் இருந்தான்: கறுப்புக் கோட்டு, கழுத்துவரை பொத்தான். இடுப்புக்குக் கீழே நீலக் கட்டம் போட்ட கைலி, ரப்பர் செருப்பு. படத்தின் வலது ஓரத்தில், முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு ஸ்டாண்டு ஃபேனை இரண்டு கையாலும் சாய்த்துப் பிடித்திருந்தார் மாணிக்கம். புடவைத் தலைப்பைப் பறக்க வைத்த காற்று அவருடையது.

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மேரி தேதியைப் பெரிதாக்கிக் காட்டினாள். நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்து ஒப்பிட்டேன். எந்தப் பத்து நாள் இருவரும் பிரிந்திருந்ததாக அதிகாரி கேட்டிருந்தாரோ, அதில் நான்காவது நாள் அது.

பத்து நாள்

கல்யாணம் ஆனி கடைசியில். லீவு முடியும் முன்பே ஆடி பிறந்துவிட்டது. ஆடி முதல் தேதி மாணிக்கம் உறையூருக்குப் போய்ச் சீர் கொடுத்து மகளை அழைத்து வந்துவிட்டார். பிரபு கனடா திரும்ப இன்னும் பத்து நாள் இருந்தது. “அதெல்லாம் பாத்தா முடியுமா, சம்பந்தி? ஆடின்னா ஆடிதான்,” என்று பிரபுவின் அம்மா சொல்லியிருக்கிறார். ஆடி முடியும்வரை இருவரும் பார்த்துக்கொள்ளக் கூடாது. மாணிக்கமும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் மாப்பிள்ளைக்கு அவரே போன் செய்தார். ஆல்பத்துக்குப் படம் பாக்கி இருக்கிறது, ஸ்டுடியோவுக்கு வாங்க. சலூனுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, கட்டியிருந்த கைலியோடு கிளம்பி வந்தான் பிரபு. ஒரு மணி நேரம். மாமனார் கூடவே இருந்தார்.

இத்தனையும் அன்று இரவு மாணிக்கமே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

“அந்தப் படத்தை அனுப்பித்தான் ஆகணுமாக்கா? சம்பந்தியம்மாவுக்குத் தெரிஞ்சா...”

“அப்பா, அவங்களா விசா குடுக்கறாங்க?” என்றாள் சுகந்தி.

மறுநாள் அவளே உறையூருக்குப் போய் மாமியாரிடம் படத்தைக் காட்டினாள். அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாராம். “கைலியோடவா போட்டோவுக்கு நின்னான்? ஊர்க்காரங்க பாத்தா என்னைத்தானே சொல்லுவாங்க,” என்பதுதான் அவர் சொன்ன ஒரே வார்த்தை. ஆடி வழக்கத்தை உறுதிசெய்யும் கடிதத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. ஆடியை ஓர் அதிகாரிக்கு எப்படிச் சொல்வது?

“சித்திரை வெயில்ல புள்ள பொறக்கக் கூடாதுன்னு எழுதுங்க,” என்றார் மாணிக்கம்.

“அப்பா!”

“காரணம் கேட்டிருக்காங்கல்ல, கண்ணு? சொல்லித்தானே ஆகணும்.”

எழுதினேன். சொந்த ஊரில் யாரும் விளக்கம் கேட்காத ஒன்றை விளக்க இரண்டு பக்கம் ஆனது. அடித்து அடித்து ஒரு பக்கமாக்கினேன். ஆரோக்கியராஜின் கடிதத்தில், ஒளியமைப்பு தன்னுடையது என்ற வரியை வெட்டப் போய் விட்டுவிட்டேன். படத்தின் ஓரத்தில் ஃபேனோடு இருப்பவர் விண்ணப்பதாரரின் தந்தை என்று கீழே குறிப்புப் போட்டோம். இருபத்திரண்டாம் நாள் பிரபு எல்லாவற்றையும் அனுப்பினான்.

பதில்

அதன் பிறகு சுகந்தி ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த இணையதளத்தைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. மாடிப்படியில் எதிர்ப்படும்போது நான் கேட்பதில்லை. அவளும் தலையை மட்டும் லேசாக ஆட்டுவாள். மருத்துவமனையில் புதுப் பிரிவுக்குப் பொறுப்பாளராக அவளைக் கேட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் கிளம்ப வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டாள். அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார்.

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், படியேறி ஓடி வந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

“ஒத்துக்கிட்டாங்க, அத்தை! விளக்கம் திருப்தின்னு போட்டிருக்கு!”

பின்னாலேயே மாணிக்கம், மூச்சிரைக்க. “என்னை அடையாளம் தெரிஞ்சுதாமா அவங்களுக்கு?” என்றார்.

போனை வாங்கிக் கடிதத்தைப் படித்தேன். முதல் பத்தி: விளக்கமும் ஆவணங்களும் ஏற்கப்பட்டன. இரண்டாவது: விண்ணப்பத்தின் பரிசீலனை தொடரும். சுகந்தி அதுவரைதான் படித்திருந்தாள். மூன்றாவது பத்தி, அவள் விண்ணப்பம் போட்டு மூன்று மாதம் கழித்து, முன்கூட்டியே இருக்கட்டும் என்று சென்னையில் செய்துகொண்ட மருத்துவப் பரிசோதனையைப் பற்றியது.

அந்தப் பரிசோதனை பன்னிரண்டு மாதத்துக்குத்தான் செல்லும். கடிதம் வருவதற்கு ஒன்பது நாள் முன்பு அது காலாவதியாகியிருந்தது.